இரவு ஷிப்ட் கொன்ராக்ட்: கையெழுத்து வைக்க முன்னம் வீட்டை அளந்து பாருங்கள்

இலங்கையின் வன்னியில் ஐ.ரி. படித்துவிட்டு வேலை தேடுகிறவர்களின் இன்பொக்ஸில் வந்து விழுகிற கடிதங்களில் ஒரு வகை உண்டு. ஆறு மாத ஒப்பந்தம், அமெரிக்க வாடிக்கையாளர், முதல்நிலை சப்போட் (கணினிச் சிக்கலோடு வருகிறவர்களுக்கு முதலில் பதில் சொல்கிற வேலை), இரவு வேலை, 'வீட்டிலிருந்தே செய்யலாம்'. வாசித்தவுடன் மனம் சுருங்கும். வேண்டாம் என்று எழுதவும் கை வராது. வீட்டில் 'வந்த வேலையை விடாத' என்பார்கள். கூட்டாளிமார் 'இரவு வேலை உடம்பைத் தின்னும்' என்பார்கள். ரெண்டும் சரிதான், ஆனால் ரெண்டாலும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

கொழும்பில் ஒரு ஒபிஸில் இருந்து இதே வேலையைச் செய்தால் ஜெனரேற்றர் கம்பனியுடையது, லைன் கம்பனியுடையது, குளிரூட்டியும் கதிரையும் கம்பனியுடையது. வீட்டிலிருந்து செய்கிற ஒப்பந்தத்தில் இவ்வளவும் சத்தமில்லாமல் உங்கள் கணக்குக்கு மாறிவிடும். கரண்ட் போனாலும், டவர் விழுந்தாலும், பகலில் நித்திரை வராவிட்டாலும் நட்டம் உங்களுக்கு. ஆகவே சம்பளத்தைப் பார்க்க முன்னம் வீட்டைப் பாருங்கள்.

அதுக்கும் முதல், 'இரவு' என்ற சொல்லை மணிக்கூட்டில் வைத்துப் பாருங்கள். நியூயோர்க் பக்கத்தில் காலை 9 முதல் மாலை 5 வரை என்றால், குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 7.30 முதல் விடியப்புறம் 3.30. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை முன்னே தள்ளுவார்கள். அன்றிலிருந்து மாலை 6.30 முதல் 2.30. நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி திரும்பும். கலிபோர்னியா என்றால் கதை வேறு: குளிர்காலத்தில் இரவு 10.30 முதல் காலை 6.30, கோடையில் 9.30 முதல் 5.30. இடையில் மூன்று மணித்தியாலம்தான். ஆனால் கிழக்குக் கரைக்கு வேலை செய்கிறவர் இருட்டோடு படுக்கிறார், மேற்குக் கரைக்கு வேலை செய்கிறவர் சூரியனோடு படுக்கிறார். உடம்புச் சூடு ஆகக் குறைந்து மூளை மந்தமாகிற நேரம் ஏறத்தாழ விடிய 3 முதல் 5 வரை. முதலாமவர் அந்த நேரத்தில் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருப்பார். இரண்டாமவர் யாரோ ஒருவருடைய சேர்வரை மறுபடி தொடக்கிக்கொண்டிருப்பார். என் கணக்கில் முதலாவது தாங்கக்கூடியது. இரண்டாவதுக்கு நல்ல காரணம் வேண்டும். கிழமைக்குக் கிழமை மாறுகிற ஷிப்ட் இரண்டையும் விட மோசம். உடம்பு எந்த நேரத்துக்கும் பழகாது.

'யு.எஸ். ஷிப்ட்' என்று மட்டும் கடிதத்தில் இருந்தால் எந்த நேர வலயம், மணிக்கூடு மாறும்போது ஷிப்டும் மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஷிப்ட் எங்களுக்குச் சனி விடியத்தான் முடியும். அதுக்குப் பதிலாகத் திங்கள் பகல் முழுக்க வெறுமை. வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் போக அதைவிட நல்ல நாள் இல்லை. விடுமுறை அவர்களுடைய நாட்காட்டிப்படி. தைப்பொங்கலுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் லீவு கேட்டுத்தான் எடுக்கவேண்டும், அதுவும் சம்பளமில்லாமல்.

இனிக் கரண்ட். மரக்கொப்பு ஒன்று கம்பியில் விழுந்தால் பத்து நிமிடத்திலும் வரலாம், விடிந்தும் வரலாம். கடையில் விற்கிற 600 வி.ஏ. கணினி யு.பி.எஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ற், 7 ஆம்பியர்-மணிப் பற்றரி ஒன்று. கோப்பைச் சேமித்து அணைக்கத்தான் அது காணும், ஷிப்டைக் கொண்டோட்டக் காணாது. 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் 1,200 வாட்-மணி இருப்பதாகச் சொல்வார்கள். பாதிக்குக் கீழே இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும், ஆகவே பாவிக்கக்கூடியது 600. இன்வேர்ட்டர் தன் பங்கை எடுத்த பிறகு கையில் கிடைப்பது ஏறத்தாழ 510. லப்டொப் 40 வாட், இரண்டாவது திரை 25, றவுட்டர் 12, மேசை விசிறி 55, எல்.ஈ.டி. பல்ப் 9, எல்லாமாக 141 வாட். மூன்றரை மணித்தியாலம் ஓடும். திரையையும் விசிறியையும் நிற்பாட்டினால் 61 வாட், எட்டு மணித்தியாலம் தாண்டும். விசிறி இல்லாமல் சித்திரை மாதத்து இரவில் எட்டு மணித்தியாலம் இருப்பீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வாகனப் பற்றரியை இதுக்குப் போடாதீர்கள். அது இயந்திரத்தை ஒரு தரம் உதைத்துக் கிளப்பச் செய்தது. ஒவ்வொரு நாளும் ஆழமாக இறக்கினால் சில மாதத்தில் செத்துவிடும். டியூபியூலர் வகை அல்லது லித்தியம் வாங்குங்கள். மலிவு இன்வேர்ட்டரின் சதுர அலையை லப்டொப் சார்ஜர் சமாளிக்கும், விசிறி உறுமத் தொடங்கும். றவுட்டருக்குத் தனியாக 12 வோல்ற் மினி யு.பி.எஸ். வைப்பது நல்லது. கரண்ட் போகும் அந்த நொடியில் வி.பி.என். (கம்பனி வலையமைப்புக்குள் போகிற பாதுகாப்பான இணைப்பு) அறுந்து கோல் விழாமல் இருக்க அதுதான் வழி. ஆனால் பெட்டியில் போட்டிருக்கிற '8,800 மில்லியம்பியர்' என்பதை நம்பி ஏமாறாதீர்கள். அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ற் செல்லின் கணக்கு, பெருக்கினால் 32 வாட்-மணி. 12 வாட் றவுட்டருக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே.

இடி மின்னலைத் தனியாகச் சொல்லவேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் கிளம்புகிற இடி, ஷிப்ட் தொடங்குகிற நேரத்தோடு சரியாக வந்து மோதும். மற்றவர்கள் பிளக்கைக் கழற்றிவிட்டு இருப்பார்கள், நீங்கள் கோலில் இருப்பீர்கள். மெயினை அணைத்து, இன்வேர்ட்டரின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி, பற்றரியில் ஓட்டுங்கள். பைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்னல் வராது. பழைய செப்புக் கம்பி லைனும், கூரைக்கு மேல் நிற்கிற 4ஜி அன்ரனாவிலிருந்து வருகிற கேபிளும்தான் றவுட்டரைக் கருக்குகிற வழிகள்.

லைனைப் பொறுத்தவரை, பைபர் இருந்தால் பாதித் தலையிடி குறைவு. எக்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையில் கரண்ட் தேவைப்படுகிற பெட்டி எதுவும் இல்லை. வீட்டு றவுட்டருக்குப் பற்றரி இருந்தால், ஊர் இருண்டாலும் லைன் நிற்கும். 4ஜி அப்படியல்ல. டவரின் பற்றரி சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும், அதோடு சிக்னலும் போகும். ஆகவே இரண்டாவது சிம் வேறு கம்பனியுடையதாக, முடிந்தால் வேறு டவரிலிருந்து வருவதாக இருக்கவேண்டும். ஒரே டவரில் ஏறி நிற்கிற இரண்டு கம்பனியின் சிம்மை வைத்துக்கொண்டு 'பக்கப் இருக்குது' என்று நினைப்பவர்கள் நிறையப்பேர். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்த பிறகு உட்கிராமத்துக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால் அதன் சாதாரண டிஷ் 75 வாட் அளவில் குடிக்கும், மேலே போட்ட பற்றரிக் கணக்கைத் திரும்பப் போடவேண்டி வரும்.

வேகத்தைக் காலை பத்து மணிக்குச் சோதிப்பதில் பிரயோசனமில்லை. ஊரே வீடியோ பார்க்கிற இரவு 8 முதல் 11 வரை சோதியுங்கள். ஸ்பீட் டெஸ்ற்றில் கொழும்புச் சேர்வரை விட்டுவிட்டு அமெரிக்கச் சேர்வரைத் தெரிவு செய்யுங்கள். கூகிளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் பண்ணி (பதில் திரும்பி வர எடுக்கிற நேரத்தைப் பார்த்து) 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்வதும் வீண். அந்த முகவரிக்குப் பக்கத்து நாட்டிலிருக்கிற சேர்வரே பதில் சொல்லிவிடும். வாடிக்கையாளரின் வி.பி.என். வாசலுக்கு 500 தடவை பிங் அனுப்பிப் பாருங்கள். 200 மில்லிசெக்கனுக்கு மேல் போவது தூரத்தால் வருவது, அதைப் பற்றிக் கவலையில்லை. வழியில் தொலைகிற பைக்கெட் (தரவுத் துண்டு) நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால்தான் குரல் வெட்டி வெட்டிப் போகும். சில 4ஜி லைன்களில் ஐ.பி.செக் வகை வி.பி.என். ஏறவே ஏறாது, அல்லது ஏறி, கோலில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும். இது சேர்ந்த முதல் நாள் இரவு தெரியவரக்கூடாத விசயம். ஒப்பந்தத்துக்கு முன்னமே ஒரு சோதனைக் கணக்குக் கேளுங்கள். 'இரவு டேட்டா' தருகிற பக்கேஜ் என்றால் அது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்றும் பாருங்கள். நள்ளிரவில் தொடங்கினால் கிழக்குக் கரை ஷிப்டின் முதல் பாதி முழுவதும் பகல் கணக்கில்தான் போகும். குரல் கோல் மணிக்கு ஏறத்தாழ 80 எம்.பி. எடுக்கும், வீடியோ என்றால் ஒரு ஜி.பி. அளவு.

நித்திரையைப் பற்றி இரண்டு உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இரவு ஷிப்ட் வேலையைப் 'பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் 2007இல் போட்டது, 2019இல் திரும்பப் பார்த்தும் அங்கேயே வைத்தது. ஆறு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் இதை ஆறு வருசத் தொழிலாக நினைப்பவர்கள் கவனிக்கவேண்டியது. நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்களும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் ஒப்பவே கூடாது.

இரண்டாவது உண்மை, வன்னியில் பகல் நித்திரைக்கு எதிரி தகரக் கூரை. விடிய 4.30க்குப் படுத்து 11.30 வரை நித்திரை கொள்வதென்றால் கிழக்குச் சுவர் அறை ஆகாது, எட்டு மணிக்கே அடுப்பாகிவிடும். மேற்கு அல்லது வடக்குப் பக்க அறையை எடுங்கள். தகரத்துக்கு மேலே கிடுகு வேய்ந்தால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். யன்னலுக்குக் கறுப்புத் துணி. விசிறிச் சத்தம் உதவி செய்யும், பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வருகிற பாண் ஓட்டோவையும் கோயில் ஒலிபெருக்கியையும் கொஞ்சமாவது மறைக்கும். தேத்தண்ணியிலும் கோப்பியிலும் இருக்கிற கபேன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். 4.30க்குப் படுக்கிறவருக்குக் கடைசிப் பிளேன்ரீ இரவு 10.30.

பெண்களுக்கு ஒரு கணக்குக் கூட. பகலில் வீட்டில் இருக்கிற பெண்ணை நித்திரை கொள்ள விடுகிற வீடு குறைவு. தண்ணீர் அள்ளுவதும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவதும் 'வீட்டிலதானே நிக்கிறாய்' என்று தலையில் விழும். அதை வீட்டாரோடு பேசி முடிக்காமல் கையெழுத்து வைத்தால் முதல் மாதத்திலேயே முறியும்.

வேலை வீட்டில் இல்லாமல் கிளிநொச்சி, வவுனியா ஒபிஸில் என்றால் கரண்டும் லைனும் அவர்கள் தலையிடி. பதிலுக்கு றோட்டு வரும். விடிய 3.30க்குப் பஸ் இல்லை. ஏ9இலும் பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் கட்டாக்காலி மாடுகள் தார் றோட்டில் படுத்திருக்கும், மாங்குளத்துக்குக் கிழக்கே யானை. கம்பனி வான் வீட்டு வாசல் வரைக்குமா, சந்தி வரைக்குமா என்று கேளுங்கள். மோட்டார் சைக்கிள்தான் என்றால் ஒபிஸிலேயே வெளிச்சம் வரும்வரை படுத்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

இப்போது காசு. உதாரணத்துக்கு, இரவு ஒப்பந்தம் மாதம் 120,000 ரூபா, ஊரில் பகல் நிரந்தர வேலை 85,000 என்று வைப்போம். பார்வைக்கு 35,000 கூட. பகல் வேலையில் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடவேண்டும், அது 12,750. ஆக 97,750. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சாதாரண லீவும் சம்பளத்தோடு உண்டு. ஒப்பந்தக்காரருக்கு அந்த 21 நாளும் வெறும் நாள். மாதம் 22 நாள் வேலை என்று பிரித்தால் மாதத்துக்கு 9,545 குறைகிறது. இரண்டாவது லைனுக்கு 3,500, கூடுதல் கரண்டுக்கு 3,000, 60,000 ரூபாப் பற்றரி மூன்று வருசம் நின்றால் மாதம் 1,700. மிஞ்சுவது 102,255. அந்த 35,000 இப்போது 4,500 ஆகிவிட்டது. ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் வேலையைக் கையளிக்க அரை மணித்தியாலம் நிற்கவேண்டும், அதுக்குச் சம்பளம் இல்லை என்றால் மாதம் 11 மணித்தியாலம் இனாம். உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். பகல் வேலை கையில் இல்லாதவருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, அவருக்கு ஒப்பிட இருப்பது பூச்சியம்.

வரியில் ஒரு பொறி. காசு தருவது இலங்கைக் கம்பனி என்றால், மென்பொருள் வேலை போன்ற தனியாள் சேவைக்கு மாதம் 100,000 ரூபாவைத் தாண்டும்போது 5 வீதம் பிடித்துவிட்டுத்தான் தரவேண்டும். 120,000க்கு மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. வருட வருமானம் 1,440,000. 2025 ஏப்ரலிலிருந்து 1,800,000 வரைக்கும் வரி இல்லை. ஆகவே அந்தக் காசு உங்களுடையது, ஆனால் தானாகத் திரும்பி வராது. டின் நம்பர் (வரி செலுத்துநர் இலக்கம்) எடுத்து, கம்பனியிடம் பிடித்ததுக்கான சான்றிதழ் வாங்கி, நவம்பர் 30க்கு முதல் விபரத்திரட்டுக் கொடுத்துக் கேட்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரே வங்கிக்கு டொலர் வந்தால் விதி வேறு. அதே 1,800,000 கழித்த பிறகு மீதிக்கு உச்சம் 15 வீதம். டொலரில் பேசி ரூபாவில் தருகிறார்கள் என்றால் எந்த நாள் றேட் என்று எழுதுவியுங்கள். 2022இல் இரண்டு மாதத்துக்குள் 200இலிருந்து 360 வரை போனதை மறக்கவேண்டாம்.

கடிதத்தில் நான் முதலில் தேடுவது விலகல் அறிவித்தல். 'அவர்கள் 7 நாள், நீங்கள் 30 நாள்' என்று இருந்தால் இரண்டையும் சமப்படுத்தச் சொல்லுங்கள். அடுத்தது காசு வருகிற நாள். மாத முடிவில் இன்வொய்ஸ், அதிலிருந்து 45 நாள் என்றால் முதல் சம்பளம் 75ஆம் நாள்தான் கையில் வரும். இரண்டரை மாதச் செலவு எங்கிருந்து என்று இப்போதே யோசியுங்கள். கரண்ட், லைன் போன நேரத்தை எப்படிக் கழிப்பார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டே இருக்காது. மாதம் இத்தனை மணித்தியாலம் வரை கழிப்பில்லை என்று ஒரு வரி வாங்கிவிட்டால் அதுவே பெரிய வெற்றி. லப்டொப் அவர்களுடையது என்றால் பழுதானால் கொழும்பிலிருந்து மாற்று வரும்வரை சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். லப்டொப்புக்கோ பயிற்சிக்கோ முற்பணம் கேட்டால், அல்லது உங்கள் வங்கிக் கணக்கால் வேறு யாருடையதோ காசை மாற்றச் சொன்னால், அது வேலையே இல்லை.

வேலை என்ன கற்றுத் தரும் என்பதை ஒரே கேள்வியில் அறியலாம்: 'ஒரு ஷிப்டுக்கு எத்தனை டிக்கெட் (பதிவாகிற முறைப்பாடு), அதில் எத்தனை பாஸ்வேர்ட் றீசெட்?' பெரும்பாலானவை றீசெட்டும் கணக்குத் திறப்பும் என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகும் சீவியில் எழுத ஒரு வரிதான் இருக்கும். லொக் (கணினி தானே எழுதி வைக்கிற பதிவு) பார்க்க அனுமதி, பவர்ஷெல் அல்லது லினக்ஸ் வேலை, இரண்டாம் நிலைக்குப் போட்ட டிக்கெட்டின் தீர்வைத் திரும்ப வாசிக்கிற வசதி, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் குறைந்த காசுக்கும் நான் 'ஓம்' என்பேன்.

பதில் எழுத முன்னம் மூன்று இரவு ஒத்திகை பாருங்கள், தொடர்ச்சியாக, சரியாக அந்த ஷிப்ட் நேரத்துக்கு. அமெரிக்காவில் ஒரு இலவச கிளவுட் கணினி எடுத்து அதுக்குள் இருந்து வேலை செய்யுங்கள். ஒரு மணித்தியாலம் யாருடனாவது வெளிநாட்டுக்குக் கோல் பேசுங்கள். இரண்டாம் இரவு ஒரு மணிக்கு மெயினை நீங்களே அணைத்துவிட்டு, கோல் விழுகிறதா, பற்றரி எத்தனை மணிக்குக் கீழே இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். ஷிப்டின் கடைசி மணித்தியாலத்தில் கோபமான வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதி, அடுத்தநாள் பின்னேரம் எடுத்து வாசியுங்கள். பகலில் எத்தனை மணித்தியாலம் நித்திரை, எத்தனை தரம் எழும்பினீர்கள் என்பதையும் குறியுங்கள். மூன்றாம் பகலும் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைவு என்றால் அறையை மாற்றாமல் இந்த வேலையை எடுக்கவேண்டாம்.

கிழக்குக் கரை, மாறாத ஷிப்ட், சமமான அறிவித்தல், ஒத்திகையில் நின்ற லைன் என்றால் எடுங்கள், முடிகிற திகதியைச் சுவரில் எழுதிவிட்டு. மேற்குக் கரையும் பாஸ்வேர்ட் றீசெட்டும் என்றால் மறுத்து எழுதுங்கள், ஆனால் வெறுமனே மறுக்காமல் பிரித்தானிய ஷிப்டில் இடம் வந்தால் சொல்லச் சொல்லி ஒரு வரி சேருங்கள். அது எங்களுக்குக் குளிர்காலத்தில் பகல் 2.30 முதல் இரவு 10.30, கோடையில் 1.30 முதல் 9.30. அதே கம்பனியில் அந்த ஷிப்டுக்கும் ஆள் எடுப்பது வழமை, கேட்டு வைத்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.